பார்ப்போரும் தேர்வோரும்



ஓவியக் கூடம் ஒன்றினுள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓவியரின் பெயரையும் வரைந்த ஆண்டையும் தாங்கிய சிறு அட்டை இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். சிலவற்றின்முன் சற்று நிற்கிறோம், பலவற்றைக் கடந்துவிடுகிறோம். வெளியே வந்ததும், "நன்றாக இருந்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த ஓவியத்தை இந்த இடத்தில் மாட்டியவர் யார், இதனை அதன் பக்கத்தில் வைத்தது ஏன், மாட்டப்படாமல் கிடங்கில் இருப்பவை எத்தனை என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. தேர்ந்தெடுப்பது அறிஞர் வேலை, பார்த்துவிட்டுப் போவது நம் வேலை என்று நாமே பிரித்துக்கொண்டுவிட்டோம்.

இந்தப் பிரிவினையை மாற்றிப் பார்த்தால் என்ன என்று உலகில் சில கலைக்கூடங்கள் எண்ணின. பார்க்க வருவோரையே அழைத்து, "எவற்றைச் சுவரில் மாட்டலாம்? நீங்களே தேர்ந்து சொல்லுங்கள்" என்று அவை கேட்டன. அவ்வாறு கேட்டபோது என்ன நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அதில் மறைந்திருந்த இடர் யாது என்பனவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், தேர்வு என்பது எத்தகைய வேலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கலைக்கூடத்துப் பொருள்களைப் பேணி, ஆராய்ந்து, தேர்ந்து, மக்கள் பார்வைக்கு வைப்பவரைக் காப்பாட்சியர் என்கிறோம். பெரிய கலைக்கூடம் எதுவும் தன்னிடமுள்ள அனைத்தையும் ஒருங்கே காட்டிவிட இயலாது. ஒரு பங்கு சுவரில் இருக்கும். பெரும்பங்கு கிடங்கில் இருக்கும். ஆகவே எதை வெளியே கொணர்வது என்ற முடிவு, மக்கள் எதைக் காண்பார்கள், எதைக் காணமாட்டார்கள் என்ற முடிவே ஆகிறது. தேர்ந்த பிறகு வரிசை முறை வேண்டும். இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்தால், தனித்தனியே சொல்லாத ஒன்றை அவை சேர்ந்து சொல்லும்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 13 அடி முதல் 31 அடி வரை அமைந்த பாடல்கள் 400-ஐ அவர் தேர்ந்தார். தேர்ந்ததோடு நின்றாரா? ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல் என்று முறைப்படுத்தியும் வைத்தார். பாடல்களைப் பாடியவர்கள் புலவர்கள். ஆயினும் அவற்றை நூலாக்கிய பெருமை தொகுத்தவரைச் சாரும். சுவரில் ஓவியம் மாட்டுபவர் செய்யும் வேலையும் இத்தகையதே.

சரி, தேர்வோர் தவறினால் என் செய்வது? இந்த வினா 1863-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் பெரிதாக எழுந்தது. அந்நாளில் பாரிசில் அரசின் ஆதரவோடு நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில் இடம் பெற்றால்தான் ஓர் ஓவியனுக்கு வாழ்வு உண்டு. அவ்வாண்டு தேர்வுக் குழுவினர் ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளிவிட்டனர். ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். முறையீடு மன்னர் மூன்றாம் நெப்போலியன் செவிக்கு எட்டியது. தள்ளப்பட்டவற்றையும் தனியே ஒரு பகுதியில் வைக்கச் சொல்லி, மக்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவர் ஆணையிட்டார். கலை வரலாற்றில் பொதுமக்களை நீதிபதியாக அமர்த்திய பெரு நிகழ்ச்சி அது.

மக்கள் திரள் திரளாக வந்தார்கள், வந்து சிரித்தார்கள். எதுவார் மானே என்ற ஓவியர் வரைந்த, புல்வெளியில் விருந்துண்ணும் காட்சியைக் கண்டு எள்ளி நகையாடினார்கள். விசுலர் என்ற ஓவியர் வரைந்த வெள்ளையுடைப் பெண்ணைக் கண்டும் நகைத்தார்கள். இன்று மானேயின் ஓவியம் பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் பெருஞ்செல்வமாகப் போற்றப்படுகிறது. விசுலரின் ஓவியம் வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இதனை ஊன்றி நோக்குங்கள். அறிஞர் குழு தவறியது. அக்குழுவின்மேல் முறையீடு கேட்க வந்த மக்களும் தவறினார்கள். அறிஞர் என்ற பெயரும் உதவவில்லை. பெருந்திரள் என்ற எண்ணிக்கையும் உதவவில்லை. அங்ஙனமாயின் தேர்வுக்கு உதவுவது யாது? இவ்வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

நியூயார்க் மாநகரின் ஒரு பகுதி புரூக்ளின். பல நாட்டு மக்கள் குடியேறி வாழும் இடம் அது. அங்குள்ள புரூக்ளின் அருங்காட்சியகம் 2008-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை மேற்கொண்டது. 'மாறிவரும் புரூக்ளின் முகங்கள்' என்ற பொருளில் புகைப்படங்கள் அனுப்புமாறு அது மக்களை அழைத்தது. 389 படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் எவற்றைக் காட்சிக்கு வைப்பது என்பதைக் காப்பாட்சியர்கள் முடிவு செய்யவில்லை. இணையத்தின் வழியே எவரும் வந்து மதிப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். 3,344 பேர் மதிப்பிட வந்தார்கள். அவர்கள் இட்ட மதிப்பீடுகள் நான்கு இலட்சத்துக்கும் மேல். முன்னணியில் நின்ற 78 படங்கள் கூடத்தில் மாட்டப்பட்டன. மிகுந்த மதிப்புப் பெற்ற படம் பெரிய அளவிலும், குறைந்த மதிப்புப் பெற்ற படம் சிறிய அளவிலும் அச்சிடப்பட்டன. ஆதலால் நுழைந்தவுடனே மக்கள் தீர்ப்பு கண்ணுக்குப் புலனாயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மதிப்பிட வந்தவருக்குப் படம் எடுத்தவரின் பெயர் காட்டப்படவில்லை. பிறர் எவ்வளவு மதிப்பிட்டனர் என்பதும் மறைக்கப்பட்டது. படங்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையில் வந்தன. ஏன் இத்தனை முன்னேற்பாடு? முன்னால் போனவர் "நன்று" என்றால் பின்னால் வருபவரும் "நன்று" என்பது மனித இயல்பு. அந்த இயல்புக்கு அணை போட்டால்தான் ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்ப்பார்கள் என்று கருதினார்கள்.

இந்தக் கருத்துக்கு ஒரு பழைய கதை துணை நின்றது. 1906-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதைக் காட்டி, இறைச்சியாக்கினால் அதன் எடை என்னவாகும் என்று ஊகித்துச் சீட்டில் எழுதித் தருமாறு போட்டி வைத்தார்கள். உழவர்கள், இறைச்சி விற்போர், வேடிக்கை பார்க்க வந்தோர் எனப் பலரும் எழுதினார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலறிஞர் அச்சீட்டுகளுள் 787-ஐ ஆராய்ந்தார். எல்லாவற்றையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நின்ற எண்ணைப் பார்த்தால் அது 1,207 பவுண்டு. எருதின் உண்மை எடையோ 1,198 பவுண்டு. தனித்தனியே தடுமாறும் பலர், ஒன்றுகூடி எண்ணப்படும்போது உண்மைக்கு இவ்வளவு அருகில் வருகிறார்கள் என்பது கால்டனுக்கே வியப்பாயிற்று. இக்கதையை 2004-இல் ஜேம்ஸ் சுரோவெக்கி என்பவர் கூட்டத்தின் அறிவு பற்றிய தம் நூலில் எடுத்துச் சொன்னார். அந்நூலின் தூண்டுதலால் எழுந்ததே புரூக்ளின் சோதனை.

கதை நல்ல கதைதான். ஆனால் எருதுக்கும் ஓவியத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. எருதை நிறுக்கத் தராசு இருக்கிறது. நிறுத்துப் பார்த்து, "கூட்டம் சொன்னது சரி" என்று நாம் சொல்ல முடிகிறது. ஓவியத்தை நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது? ஆயிரம் பேர் ஓர் ஓவியத்தை விரும்பினார்கள் என்றால், ஆயிரம் பேர் விரும்பினார்கள் என்ற செய்திதான் நமக்குக் கிடைக்கிறது. அது நல்ல ஓவியமா என்ற வினா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதனை நகைச்சுவையோடு நிறுவிக் காட்டிய ஓவியர் இருவர் உண்டு. கோமர், மெலமிட் என்பது அவர்கள் பெயர். மாஸ்கோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர்கள். 1993-ஆம் ஆண்டில் அவர்கள் கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்றின் துணையோடு அமெரிக்க மக்கள் ஆயிரம் பேரைக் கேட்டார்கள். உங்களுக்குப் பிடித்த நிறம் யாது? மனிதர் இருக்க வேண்டுமா? விலங்குகள் வேண்டுமா? படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இப்படியெல்லாம் கேட்டுப் பெற்ற விடைகளைக் கூட்டி, பெரும்பாலோர் விருப்பம் எதுவோ அதனையே அப்படியே வரைந்தார்கள். நீலமே பலருக்கும் பிடித்த நிறம். ஆதலால் நீல வானமும் நீல நீர்நிலையும் கொண்ட இயற்கைக் காட்சி பிறந்தது. நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு பக்கம் நிற்கிறார். உலாவ வந்த குடும்பம் ஒன்று நடக்கிறது. மான்கள் நீரில் நிற்கின்றன. நீர்யானை ஒன்றும் இருக்கிறது! 'அமெரிக்கர் மிகவும் விரும்பும் ஓவியம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். எல்லாருடைய விருப்பமும் அதில் உண்டு. ஆயினும் ஒருவர் உள்ளத்தையேனும் அசைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பிறகு பல நாடுகளிலும் இவ்வாறே கேட்டு வரைந்தார்கள். பெரும்பாலான நாடுகளில் அதே நீலக் காட்சியே வந்து நின்றது.

ஆகவே, கை தூக்கச் சொல்லி எண்ணிவிட்டால் தேர்வு முடிந்தது என்று கருதுவது பொருந்தாது. புரூக்ளின் அருங்காட்சியகத்தாரும் முதற் சோதனையோடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய அடுத்த முயற்சி நமக்குச் சற்று நெருக்கமானது. ஏனெனில் அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை நம் இந்திய நாட்டு ஓவியங்கள்.

அரசவைகளிலும் செல்வர் மனைகளிலும் வளர்ந்த சிற்றோவியக் கலையை நீங்கள் அறிவீர்கள். அணில் மயிரால் ஆன நுண்ணிய தூரிகை கொண்டு, ஒரு தாளின் அளவுக்குள் ஓர் அரண்மனையையும் ஒரு தோட்டத்தையும் அடக்கிவிடுவார்கள். அவற்றுட் பல கையில் எடுத்து, மடியில் வைத்து, நிதானமாகப் பார்ப்பதற்காக வரையப்பட்டவை. இத்தகைய ஓவியங்கள் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிறைய உள்ளன. 2011-ஆம் ஆண்டில் அவற்றை வைத்து மூன்று கட்டச் சோதனை ஒன்றை இணையத்தில் நடத்தினார்கள். 4,617 பேர் கலந்துகொண்டார்கள்.

முதற் கட்டத்தில் இரண்டு ஓவியங்கள் அருகருகே தோன்றும். எது பிடிக்கிறது என்று நான்கே விநாடிகளில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கடிகாரம் இல்லை. ஓர் ஓவியத்தை நன்றாகப் பார்த்து, அதனைப் பற்றித் தாமே ஏதேனும் எழுதி, பிறகு மதிப்பிட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஓவியத்தைப் பற்றிய செய்திகளும் தரப்படும். படித்த பிறகு மதிப்பிட வேண்டும். ஓவியம் ஒன்றே; பார்ப்பவரும் மக்களே. மாறுவன இரண்டு: பார்க்கும் நேரமும், பார்ப்பவரின் அறிவும். இந்தச் சோதனையின் முடிவைக் கொண்டு ஒரு சிறு கண்காட்சியையும் அமைத்தார்கள்.

இச்சோதனை எழுப்பிய வினாவே இதன் சிறப்பு என்பேன். முதலில் நடந்தது "எத்தனை பேர் விரும்புகிறார்கள்?" என்று எண்ணியது. இரண்டாவது, "எப்படிப் பார்த்தபின் விரும்புகிறார்கள்?" என்று கேட்டது. நான்கு விநாடியில் தெரிவது எது? பளிச்சென்ற நிறம் தெரியும். பெரிய உருவம் தெரியும். பலகணியின் ஓரத்தில் தலை குனிந்து நிற்கும் தோழியின் முகம் தெரியாது. மரத்தின்மேல் ஒன்றையொன்று நோக்கியிருக்கும் பறவைகள் தெரியமாட்டா. நிதானமாகப் பார்க்க வரைந்ததை நான்கு விநாடியில் தேர்வது, ஆயிரம் அடிப் பாட்டை முதற்சீரை மட்டும் கேட்டு மதிப்பிடுவதை ஒக்கும்.

மூன்றாவது முயற்சி 2012-ஆம் ஆண்டில் நடந்தது. புரூக்ளினில் ஓவியர்களும் சிற்பிகளும் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள். செப்டம்பர் 8, 9 ஆகிய இரண்டு நாள்களில் 1,700-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் தங்கள் பணிக்கூடங்களின் கதவுகளைத் திறந்துவைத்தார்கள். ஏறத்தாழ 18,000 பேர் அவற்றைக் காணச் சென்றார்கள். இந்த முறை வீட்டில் அமர்ந்து கணிப்பொறியைத் தட்டிவிட்டால் போதாது. குறைந்தது ஐந்து பணிக்கூடங்களுக்கேனும் நேரில் சென்றவரே கருத்துச் சொல்லலாம் என்று விதி வகுத்தார்கள். சென்று வந்தவர் மூன்று கலைஞர்களை முன்மொழியலாம். அவ்வாறு வந்த முன்மொழிவுகள் ஒன்பதினாயிரத்துக்கும் மேல். மிகுதியாக முன்மொழியப்பட்ட பத்துக் கலைஞர்களின் பணிக்கூடங்களுக்குக் காப்பாட்சியர்கள் நேரில் சென்றார்கள். அவர்களுள் ஐவரைத் தேர்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் கண்காட்சி வைத்தார்கள்.

இந்த முறையில் இரண்டு நன்மைகளைக் காண்கிறேன். ஒன்று, தேர்வதற்கு ஒரு விலை வைத்தார்கள். பணமன்று அவ்விலை, கால் நடையும் நேரமும். படி ஏறிச் சென்று, வண்ணம் உலராத பலகையின் அருகில் நின்று, வரைந்தவரோடு இரண்டு வார்த்தை பேசி வந்தவர் சொல்லும் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கும். இன்னொன்று, மக்களையும் அறிஞரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. மக்கள் பரந்து தேடினார்கள். அறிஞர்கள் ஆழ்ந்து தேர்ந்தார்கள். ஆயிரத்து எழுநூறு பணிக்கூடங்களுக்கு இரண்டு காப்பாட்சியர்கள் இரண்டு நாளில் போய்வர இயலுமா? அதே போல், பத்துப் பேரில் ஐவரை ஏன் தேர்ந்தோம் என்று காரணம் காட்டிக் கண்காட்சி அமைக்கும் பொறுப்பைப் பதினெண்ணாயிரம் பேர் ஒருங்கே ஏற்க இயலுமா? ஒருவர் செய்ய இயலாததை மற்றவர் செய்தார்.

இன்னும் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் என் கருத்து முழுமை பெறும். கலைக்கூடத்துக்கு நாள்தோறும் வந்து, நாள் முழுதும் ஓவியங்களோடு இருப்பவர் யார்? காப்பாட்சியர் தம் அறையில் எழுதிக்கொண்டிருப்பார். பார்க்க வருபவர் ஒரு மணியில் போய்விடுவார். காலை முதல் மாலை வரை ஓவியங்களின்முன் நிற்பவர் காவலர்தாம். அவர்களை யாரும் கருத்துக் கேட்பதில்லை. "கழிவறை எங்கே?" என்று கேட்பதோடு சரி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கலை அருங்காட்சியகம் 2022-ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்குரிய படைப்புகளைத் தேர்ந்தவர்கள் அங்குப் பணிபுரிந்த காவலர் 17 பேர். தேர்ந்ததோடு அன்றி, ஏன் தேர்ந்தோம் என்ற விளக்கங்களையும் அவர்களே எழுதினார்கள். எதனை எங்கே மாட்டுவது என்பதிலும் பங்கு கொண்டார்கள். இவ்வேலைக்கென்று தனி ஊதியமும் பெற்றார்கள்.

அவர்களுள் ஒருவர் வின்சுலோ ஹோமர் என்ற ஓவியர் 1872-இல் வரைந்த ஓவியத்தைத் தேர்ந்தார். 'விடைக்குக் காத்திருத்தல்' என்பது அதன் பெயர். காவல் வேலை பெரும்பாலும் காத்திருக்கும் வேலைதான். அதனால் இந்த ஓவியம் தமக்கு உரியதாகத் தோன்றிற்று என்பது அவர் கருத்து. இவ்வாறு ஒரு காரணத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. ஓவியத்தின்முன் பல நாள் நின்றவர்தாம் சொல்ல முடியும். அந்தக் காரணத்தைப் படித்த பிறகு ஓவியத்தைப் பார்ப்பவரும் புதிதாகப் பார்ப்பார்.

இப்போது நாம் பாரிசில் விட்டுவந்த வினாவுக்குத் திரும்புவோம். தேர்வுக்கு உதவுவது பட்டமா, எண்ணிக்கையா? இரண்டும் தாமாக உதவா. நின்று பார்ப்பதும், பார்த்ததற்குக் காரணம் சொல்வதும், அக்காரணத்துக்குத் தாமே பொறுப்பேற்பதும் உதவும். 1863-இல் பட்டம் பெற்றோர் பழக்கத்தால் தள்ளினார்கள். மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். இரு சாராரும் ஓவியத்தின்முன் போதிய அளவு நிற்கவில்லை. பால்டிமோர்க் காவலர்கள் நின்றார்கள். நின்றவர்க்குப் பட்டம் இல்லாவிடினும் கண் திறந்தது.

சிலர் இம்முயற்சிகளை ஐயத்தோடு நோக்குகிறார்கள். "கூட்டம் சேர்ப்பதற்கான உத்தி இது, மக்கள் தமக்கு முன்னமே பழக்கமானதைத்தானே தேர்வார்கள்?" என்கிறார்கள். அவர்கள் ஐயம் அடியோடு தவறன்று. 2014-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம் இவ்வாறு வாக்குக் கேட்டபோது, பிரெஞ்சு நாட்டு ஒளியோவிய மரபினரையும் அவர்களை அடுத்து வந்தவர்களையும் சார்ந்த படைப்புகளிலிருந்து மக்கள் தேர்ந்தார்கள். முதலிடம் பெற்றது வின்சென்ட் வான் கோ வரைந்த ஓவியம். வாழ்ந்த காலத்தில் வாங்குவார் மிக அரிதாகி வறுமையில் வாடிய ஓவியர் அவர். அவர் வாழ்நாளில் மக்கள் வாக்குக்கு விட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? இன்று வாக்குப் பெறாத ஓவியம் நாளை பெறலாம். அதுவரை அதனைக் கிடங்கில் ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல் காப்பதும், இடையிடையே வெளியே கொணர்ந்து "இதையும் பாருங்கள்" என்று காட்டுவதும் காப்பாட்சியரின் கடமை. வாக்கு அந்தக் கடமையை நீக்கிவிடக் கூடாது. பயிற்சி பெற்றவரின் இடத்தில் வாக்குப் பெட்டியை வைத்துவிட்டுக் கலைக்கூடம் ஓய்ந்திருக்க இயலாது.

ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். கலைக்கூடத்தின் பெரிய வாயிலைக் கண்டதும், "இது நமக்கு உரிய இடமன்று" என்று ஒதுங்கிப் போகும் மக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவை பொதுச் செல்வம் என்று சட்டம் சொல்லும். அவர்கள் உள்ளம் அதனை நம்புவதில்லை. "உங்கள் கருத்து யாது?" என்று ஒருமுறை மனமாரக் கேட்டுவிட்டால் அந்த நம்பிக்கை பிறக்கிறது. தாம் தேர்ந்த ஓவியம் சுவரில் தொங்குவதைக் காட்டத் தம் மக்களையும் மனைவியையும் கைப்பிடித்து அழைத்துவரும் ஒருவர், அன்று முதல் அக்கூடத்துக்கு விருந்தினர் அல்லர், வீட்டுக்காரர். பொதுச் செல்வத்துக்கு இதனினும் வலிய காவல் வேறு எது?

மாணவர்களே, இம்முயற்சிகள் நடந்த ஊர்கள் தொலைவில் உள்ளன. எனினும் இவற்றின் பயனை நீங்கள் இங்கிருந்தபடியே பெறலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகம், பத்தாண்டுக் காலப் புதுப்பிப்பு வேலைகளுக்குப் பின் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னமே, தன் படைப்புகள் 1,25,000-இன் தெளிவான படங்களை இணையத்தில் இட்டு, எவரும் தாம் விரும்பியவற்றைச் சேர்த்துத் தமக்கென ஒரு தொகுப்பை அமைத்துக்கொள்ளலாம் என்று அது இசைவளித்தது. ரெம்பிராண்டும் வெர்மீரும் வரைந்த ஓவியங்களின் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. அந்த வசதி இல்லாதவர் நூலகத்து ஓவியப் புத்தகம் ஒன்றைக் கொண்டும் செய்யலாம். ஊருக்கு அருகில் அருங்காட்சியகம் இருந்தால் இன்னும் நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: மழை என்க, தாய் என்க, உழைப்பு என்க. அதற்கு ஏற்ற ஓவியங்கள் இருபதைப் பொறுக்குங்கள். பிறகு இருபதை ஐந்தாகக் குறையுங்கள். இந்த இரண்டாம் வேலைதான் கடினமானது, கற்பிப்பதும் அதுவே. பிடித்த ஒன்றை விலக்க வேண்டி வரும்போதுதான், அது ஏன் பிடித்தது என்று உள்ளம் தன்னைத் தானே கேட்கும். ஐந்தையும் ஒரு வரிசையில் அமையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரியில் காரணம் எழுதுங்கள். "அழகாக இருக்கிறது" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஆதலால் ஒன்றையும் விளக்காது. பிறகு உங்கள் நண்பர் அதே பொருளுக்குத் தேர்ந்த ஐந்தையும் உங்கள் ஐந்தையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். அங்கே கருத்து வேறுபாடு எழும். எழட்டும். வாக்கெடுத்து அதனை முடித்துவிடாதீர்கள். "நீ கண்டதை எனக்குக் காட்டு" என்று கேளுங்கள்.

பள்ளியில் ஆண்டுதோறும் கலைக் கண்காட்சி நடத்துகிறோம். மாணவர் வரைந்தவற்றை ஆசிரியர் தேர்ந்து மாட்டுவதே வழக்கம். நெடுநாள் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். தேர்வை மாணவர் கையில் ஓராண்டு விட்டுப் பாருங்கள். ஆனால் காரணம் எழுதாத தேர்வை ஏற்காதீர்கள். வரையத் தெரியாத மாணவனுக்கும் அன்று ஒரு வேலை உண்டு. பிறர் படைப்பைக் கூர்ந்து பார்த்து, அதன் சிறப்பை ஊரார்க்கு எடுத்துச் சொல்லும் வேலை அது. நம் நாட்டில் வரைபவரினும் அத்தகைய பார்வையாளர் குறைவு.

தேர்தலில் நாம் பெறும் வாக்கு ஒரு நாளைக்கு உரியது. பார்க்கவும் தேரவும் கற்ற கண் வாழ்நாள் முழுமைக்கும் உரியது. கடையில் ஒரு துணி எடுப்பதிலிருந்து, படிக்க ஒரு நூலை எடுப்பதுவரை, நம் வாழ்வு தேர்வுகளால் ஆனது. பிறர் தேர்ந்து வைத்ததையே பார்த்துப் பழகிய கண், பிறர் சொன்னதையே நினைத்துப் பழகும் உள்ளத்தை உண்டாக்கும். அடுத்த முறை ஓவியக் கூடத்துக்குப் போகும்போது, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து, அதன்முன் கால் மணி நேரம் நில்லுங்கள். வெளியே வரும்போது அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உங்கள் கையில் இருக்கட்டும்.